பக்கப் மென்பொருளுக்கு டிஸ்க் தெரியவில்லை: மெய்நிகர் சேர்வரில் பழுதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

காலையில் அலுவலகத்துக்கு வந்து பக்கப் (தரவின் காப்புப் பிரதி) எடுக்கும் மென்பொருளைத் திறந்தால், இரவு ஓடியிருக்க வேண்டிய வேலை சிவப்பாக நிற்கிறது. டிஸ்க்கைக் காணவில்லை என்றோ, ரேப் டிரைவ் (காந்த நாடாவில் பதியும் கருவி) ஒவ்லைன் என்றோ ஒரு வரி எழுதியிருக்கிறது. டிஸ்க் மேசையிலேதான் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. இந்த இடத்தில் பலர் செய்வது மென்பொருளைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவுவது. அதைச் செய்யாதீர்கள். பழுது பெரும்பாலும் மென்பொருளில் இருப்பதில்லை. கழற்றினால் வேலை அட்டவணையும் பழைய பக்கப்புகளின் பட்டியலும் சேர்ந்து போய்விடலாம்.

நேரடியாக இரும்பில், அதாவது நிஜக் கணினியில், ஓடும் சேர்வரில் டிஸ்க்குக்கும் மென்பொருளுக்கும் நடுவில் வின்டோஸ் மட்டும்தான். மெய்நிகர் சேர்வரில், அதாவது ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய சேர்வரில், அந்த டிஸ்க் ஆறு படி ஏற வேண்டும்: மின்சாரமும் கேபிளும், ஹோஸ்ட்டின் (அந்த நிஜக் கணினியின்) வன்பொருள், ஹைப்பர்வைசர் (அதில் மெய்நிகர் சேர்வர்களை ஓட்டும் மென்பொருள்), மெய்நிகர் சேர்வருக்குள் இருக்கும் இயங்குதளம், பக்கப் சேர்விஸ் (மென்பொருளின் பின்னணியில் ஓடும் பகுதி) ஓடும் பயனர் கணக்கு, கடைசியாக மென்பொருள். எந்தப் படியில் முதன்முதலாகத் தொலைந்ததோ அந்தப் படியில்தான் பழுது. அதற்கு மேலே எதைத் தொட்டாலும் நேரம்தான் வீண். ஆகவே கீழிருந்து மேலே போவோம். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு படிக்கும் "தெரிகிறது", "தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டே போங்கள். அவசரத்தில் நினைவை நம்ப முடியாது.

மின்சாரமும் கேபிளும்

யாழ்ப்பாணத்தில் இந்தப் படியைச் சாதாரணமாக நினைத்துத் தாண்டக் கூடாது. 3.5 அங்குல வெளி டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் அடப்டர் உண்டு. சேர்வரை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, இந்த அடப்டரை மட்டும் பக்கத்துச் சுவர்ப் பிளக்கில் செருகியிருப்பார்கள். கரண்ட் போய் ஜெனரேற்றர் எடுக்கும் வரையான சில வினாடிகளில் சேர்வர் அசையாது, டிஸ்க் மட்டும் அணைந்து மீண்டும் எரியும். ஹோஸ்ட்டுக்கு அது "கழற்றப்பட்டது, புதிதாகச் செருகப்பட்டது" என்ற இரண்டு நிகழ்வு. மெய்நிகர் சேர்வரோடு இருந்த பிணைப்பு அங்கே அறுந்துவிடலாம். விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்போம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால், இப்படி எத்தனை முறை அறுந்திருக்கும் என்பது விளங்கும். டிஸ்க்கின் அடப்டர், யூஎஸ்பி ஹப் இருந்தால் அதன் அடப்டர், நெற்வேர்க் சுவிட்ச் எல்லாம் யூபிஎஸ்ஸின் பற்றரிப் பக்கப் பிளக்கில்தான் இருக்க வேண்டும். சில யூபிஎஸ்களில் ஒரு பக்கத்துப் பிளக்குகள் மின் அதிர்வைத் தடுப்பவை மட்டுமே, பற்றரியோடு இணைக்கப்பட்டவை அல்ல. எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது செருகி. 2.5 அங்குல டிஸ்க்குகளில் வரும் யூஎஸ்பி 3 மைக்ரோ-பி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு துண்டு. அகலமான துண்டு பழைய யூஎஸ்பி 2 இணைப்பு, ஒடுங்கியது யூஎஸ்பி 3க்கான மேலதிக இணைப்பு. அடிக்கடி கழற்றிப் பூட்டும் டிஸ்க்கில் இந்த ஒடுங்கிய பக்கம் முதலில் தளரும். அப்போது டிஸ்க் வேலை செய்யும், ஆனால் யூஎஸ்பி 2 ஆக. 1 டெராபைட் எழுத இரண்டரை மணித்தியாலம் எடுத்தது எட்டு மணித்தியாலம் ஆகிவிடும். வேகம் போனதோடு விஷயம் முடியவில்லை. ஹோஸ்ட்டில் யூஎஸ்பி 2 பாதையும் யூஎஸ்பி 3 பாதையும் வேறு வேறு எண்கள் கொண்டவை. போர்ட் எண்ணை வைத்துப் பிணைத்திருந்தால் டிஸ்க் "மறைந்துவிடும்". சோளகக் காற்றின் தூசியும் மாரிக்கால ஈரமும் கடலோர உப்புக் காற்றும் செருகிகளைக் கெடுக்கின்றன. பருத்தித்துறை, குருநகர் போலக் கரையோரம் இருப்பவர்கள் உதிரிக் கேபிள் ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். கேபிள் ஒரு மீற்றருக்கு மேல் வேண்டாம். சேர்வரின் முன்பக்கப் போர்ட் வேண்டாம், பின்பக்கத்தில் நேரடியாகச் செருகுங்கள்.

தனி அடப்டர் இல்லாத டிஸ்க் போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஅம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900 மில்லிஅம்பியர் தரும். டிஸ்க் சுழலத் தொடங்கிச் சில வினாடியில் "டிக் டிக்" என்று நின்று மீண்டும் தொடங்கினால், முதலில் மின்சாரப் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். வேறு போர்ட்டிலும் அதே சத்தம் என்றால் டிஸ்க் சாகிறது.

ஹோஸ்ட்டுக்குத் தெரிகிறதா

உங்கள் ஹைப்பர்வைசர் ஹைப்பர்-வீ என்றால் ஹோஸ்ட்டின் டிவைஸ் மனேஜரும் டிஸ்க் மனேஜ்மென்ட்டும். புரொக்ஸ்மொக்ஸ் என்றால் இணையப் பக்கத்தில் நோடை (ஹோஸ்ட்டின் பெயரை) தெரிவுசெய்து டிஸ்க்ஸ் பகுதி, அல்லது ஷெல்லில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. ஈஎஸ்எக்ஸ்ஐ என்றால் எஸ்எஸ்எச் வழி உள்ளே போய் அதே எல்எஸ்யூஎஸ்பி. இங்கே இல்லையென்றால் மேலே போக வேண்டாம். வேறு கேபிள், வேறு போர்ட், ஒரு மடிக்கணினியில் செருகிப் பார்ப்பது, சேர்வரின் பயோஸில் யூஎஸ்பி போர்ட்கள் முடக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது, இந்த ஒழுங்கில் போங்கள்.

ஹைப்பர்வைசர்: மூன்றும் மூன்று விதம்

ஹைப்பர்-வீயில் யூஎஸ்பி சாதனத்தை மெய்நிகர் சேர்வருக்கு நேரடியாகக் கொடுக்கும் வசதி கிடையாது. இதை அறியாமல் மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. டிஸ்க்காக மட்டும் கொடுக்கலாம்:

1. ஹோஸ்ட்டின் டிஸ்க் மனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து ஒவ்லைன் ஆக்குங்கள்.
2. ஹைப்பர்-வீ மனேஜரில் அந்த மெய்நிகர் சேர்வரின் செட்டிங்ஸ், ஸ்கஸி கொன்ட்ரோலர், ஹாட் டிரைவ், அட்.
3. "பிசிக்கல் ஹாட் டிஸ்க்" என்பதைத் தெரிவுசெய்து பட்டியலில் டிஸ்க்கை எடுங்கள்.

மூன்றாவது படியில் அந்தத் தெரிவு மங்கலாக இருந்தால் டிஸ்க் ஹோஸ்ட்டில் இன்னும் ஒன்லைனில் இருக்கிறது. பென் டிரைவ்களை வின்டோஸ் கழற்றக்கூடிய ஊடகமாகப் பார்ப்பதால் அவற்றை இப்படி ஒவ்லைன் ஆக்க முடியாது. இந்த முறையில் இரண்டு சிக்கல் உண்டு. டிஸ்க் செருகப்படாமல் இருந்தால் மெய்நிகர் சேர்வர் தொடங்கவே மறுக்கும். வாரம் ஒரு டிஸ்க் மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் உள்ள அலுவலகங்களுக்கு இது பெரும் தொல்லை. மற்றது, அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு செக்பொயின்ட் (திரும்பிப் போகக்கூடிய அந்த நேர நிலையின் பதிவு) எடுக்க முடியாது. ஹைப்பர்-வீயில் டிஸ்க் மாற்றும் பழக்கம் இருந்தால், டிஸ்க்கை ஹோஸ்ட்டிலேயே விட்டு ஒரு பகிர்வுக் கோப்புறையாகத் திறந்துகொடுப்பதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். அந்தப் பகிர்வுக்குத் தனிப் பயனர், தனிக் கடவுச்சொல் வையுங்கள். அதைப் பக்கப் மென்பொருளில் மட்டும் கொடுங்கள்.

ஈஎஸ்எக்ஸ்ஐயில் முதலில் மெய்நிகர் சேர்வருக்கு யூஎஸ்பி கொன்ட்ரோலர் ஒன்று சேர்க்க வேண்டும், பிறகுதான் யூஎஸ்பி டிவைஸ் சேர்க்கலாம். டிஸ்க் யூஎஸ்பி 3 ஆக இணைந்திருந்தால் கொன்ட்ரோலரும் எக்ஸ்எச்சிஐ வகையாக இருக்க வேண்டும். பட்டியலில் டிஸ்க் வராவிட்டால் மூன்று காரணம் பாருங்கள்: யூஎஸ்பி சாதனங்களை மெய்நிகர் சேர்வர்களுக்குப் பங்கிடும் யூஎஸ்பி ஆர்பிட்ரேற்றர் என்ற சேர்விஸ் நின்றிருக்கலாம், வேறொரு மெய்நிகர் சேர்வர் அந்த டிஸ்க்கைப் பிடித்திருக்கலாம், அல்லது ஈஎஸ்எக்ஸ்ஐயே அந்த யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகியிருக்கலாம். முன்பு யாராவது யூஎஸ்பி டிஸ்க்கை டேட்டாஸ்டோர் (மெய்நிகர் சேர்வர்களின் கோப்புகளை வைக்கும் இடம்) ஆக்குவதற்காக ஆர்பிட்ரேற்றரை நிறுத்திவிட்டு மறந்திருந்தால், அதன் பிறகு எந்தச் சாதனமும் உள்ளே போகாது.

ஈஎஸ்எக்ஸ்ஐ டிஸ்க்கை அதன் பெயரால் நினைவு வைப்பதில்லை, எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதால் நினைவு வைக்கிறது. அதே டிஸ்க்கைப் பக்கத்துப் போர்ட்டில் செருகினால் தானாக இணையாது. அதே போர்ட்டில் வேறு டிஸ்க்கைச் செருகினால் இணைந்துவிடும். டிஸ்க் மாற்றும் அலுவலகத்துக்கு இது வசதியானது. ஒரு போர்ட்டை மட்டும் ஒதுக்கி அதற்கு நிறப் பூச்சு ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் சேர்வருக்கு மெமறியோ சீபீயூவோ கூட்டினால் யூஎஸ்பி இணைப்பு அறும். அதற்கு முன் டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றுங்கள், எழுதிக்கொண்டிருந்தால் தரவு கெடலாம்.

புரொக்ஸ்மொக்ஸில் ஹாட்வெயார், அட், யூஎஸ்பி டிவைஸ் என்று போனால் இரண்டு முக்கிய தெரிவு: விற்பனையாளர்-சாதன எண்ணால் பிணைப்பது, போர்ட்டால் பிணைப்பது. ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிச் செருகுபவர்களுக்கு முதலாவது சரிவரும், ஏனென்றால் இரண்டின் எண்ணும் ஒன்று. வெவ்வேறு மாதிரி என்றால் போர்ட்டால் பிணையுங்கள். ஆனால் மேலே சொன்னபடி, ஒரு யூஎஸ்பி 3 துளைக்கு உள்ளே இரண்டு எண் உண்டு. தளர்ந்த செருகியால் டிஸ்க் யூஎஸ்பி 2 ஆக இறங்கினால் அது மற்ற எண்ணில் போய் நிற்கும். இரண்டு எண்ணையும் சேர்த்துவிடுவது எளிய வழி.

புரொக்ஸ்மொக்ஸில் இன்னும் ஒரு பொறி. சேர்த்த சாதனம் பட்டியலில் செம்மஞ்சள் நிறத்தில் நின்றால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வின்டோஸுக்குள் போய் ரீஸ்டார்ட் கொடுப்பது போதாது. புரொக்ஸ்மொக்ஸ் பக்கத்திலிருந்து ஷட்டவுன் செய்து ஸ்டார்ட் கொடுங்கள், அல்லது அங்கேயுள்ள ரீபூட் பொத்தானை அழுத்துங்கள். முழு டிஸ்க்கையும் ஸ்கஸி டிஸ்க்காகக் கொடுக்கிறீர்கள் என்றால் எஸ்டிபி, எஸ்டிசி போன்ற குறும்பெயரைப் பாவிக்காதீர்கள், அது அடுத்த பூட்டில் மாறும். பை-ஐடி அடைவுக்குள் இருக்கும், தொடர் எண் அடங்கிய நீளப் பெயரைப் பாவியுங்கள். அதோடு அந்த டிஸ்க்கின் அட்வான்ஸ்ட் பகுதியில் பக்கப் என்ற அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புரொக்ஸ்மொக்ஸ் இரவில் மெய்நிகர் சேர்வரைப் பக்கப் எடுக்கும்போது இந்தப் பக்கப் டிஸ்க்கையே முழுதாகப் பிரதி எடுக்கத் தொடங்கும்.

மெய்நிகர் சேர்வருக்குள் வின்டோஸ்

டிவைஸ் மனேஜரில் வந்துவிட்டது, எக்ஸ்புளோரரில் இல்லை என்றால் டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திறங்கள். அங்கே பெரும்பாலும் நான்கில் ஒன்றைக் காண்பீர்கள்.

"ஒவ்லைன்" என்று மட்டும் இருந்தால் வின்டோஸ் சேர்வர் புதிதாகக் கண்ட டிஸ்க்கைத் தானாகத் திறக்கவில்லை. வலது கிளிக் செய்து ஒன்லைன் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படி வந்தால் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியைத் திறந்து "சான்" என்று அடித்தால் இப்போதைய கொள்கை தெரியும். "சான் பொலிசி=ஒன்லைன்ஓல்" என்று மாற்றலாம். ஆனால் அந்தச் சேர்வர் பக்கப் புரொக்ஸியாகவும் இருந்தால், அதாவது மற்ற மெய்நிகர் சேர்வர்களின் டிஸ்க்குகள் அதில் தற்காலிகமாக இணைக்கப்படுகிறதென்றால், இதை மாற்ற வேண்டாம். வின்டோஸ் அந்த டிஸ்க்குகளைத் திறந்து எழுதிவிடும்.

ஒவ்லைன் என்பதோடு கையொப்பம் இன்னொரு டிஸ்க்கோடு மோதுகிறது என்ற குறிப்பு இருந்தால், இரண்டு டிஸ்க்கும் ஒன்றிலிருந்து ஒன்று அப்படியே குளோன் செய்யப்பட்டவை. ஒன்லைன் கொடுத்தால் வின்டோஸ் புதுக் கையொப்பம் எழுதும். அதன் பிறகு பக்கப் மென்பொருள் அதைப் புதிய டிஸ்க் என்றே நினைக்கலாம், மறுபடி அறிமுகப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, வொலியூம் இருக்கிறது, எழுத்து இல்லை. எழுத்து கொடுங்கள். மாற்றி மாற்றிப் பாவிக்கும் டிஸ்க்குகள் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செருகி எல்லாவற்றுக்கும் ஆர் போல ஒரே எழுத்தைக் கொடுங்கள், வின்டோஸ் அதை நினைவில் வைக்கும். ஒரு விதிவிலக்கு: வின்டோஸ் சேர்வர் பக்கப்புக்கென்று முழு டிஸ்க்கை ஒதுக்கியிருந்தால் அது எழுத்து இல்லாமல், எக்ஸ்புளோரரில் தெரியாமல்தான் இருக்கும். அது பழுது அல்ல.

நான்காவதுதான் பயங்கரமானது. டிஸ்க் "நொட் இனிஷியலைஸ்ட்" என்று காட்டி, இனிஷியலைஸ் (வெற்று டிஸ்க்காகத் தயார்) செய்யட்டுமா என்று வின்டோஸ் கேட்கும். பழைய பக்கப் இருக்கும் டிஸ்க் என்றால் ஓகே அழுத்தவே கூடாது. கான்சல் கொடுத்துவிட்டு டிஸ்க் எந்தப் பெட்டியில் இருந்தது என்று கேளுங்கள். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட சில வெளி டிஸ்க்குகளின் யூஎஸ்பி பெட்டி, உள்ளே 512 பைட் செக்டர்களை வெளியே 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். அந்தப் பெட்டி பழுதாகி டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக சாட்டாவில் பூட்டினால், பார்ட்டிஷன் அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, வெற்று டிஸ்க் போலத் தோன்றும். தரவு உள்ளேதான் இருக்கிறது. அதே மாதிரிப் பெட்டியில் திரும்பப் போட்டுப் பாருங்கள். பெட்டி மாற்றப்படவேயில்லை என்றால் டிஸ்க் தேய்ந்துபோகிறது என்று கொண்டு, எதுவும் எழுதாமல் கழற்றிவையுங்கள்.

வின்டோஸின் குறியாக்க வசதியான பிட்லொக்கர் பூட்டிய டிஸ்க்கும் இங்கே பிடிபடும். எழுத்து இருக்கும், பூட்டுப் படம் இருக்கும், அளவு காட்டாது. தானாகத் திறக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு இயந்திரத்திலும் தனியாகச் செய்ய வேண்டும். ஹோஸ்ட்டில் செய்தது மெய்நிகர் சேர்வருக்குச் செல்லாது.

எக்ஸ்புளோரரில் தெரிகிறது, மென்பொருளில் தெரியவில்லை

இந்தப் படியில்தான் மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்வது. டிஸ்க்கைத் திறந்து கோப்பு எழுதிப் பார்க்கிறோம், எழுதுகிறது. மென்பொருள் மட்டும் இல்லை என்கிறது. காரணம், எக்ஸ்புளோரர் ஓடுவது உங்கள் கணக்கில், பக்கப் ஓடுவது சேர்விஸ் கணக்கில். சேர்விசஸ் பட்டியலைத் திறந்து பக்கப் சேர்விஸின் "லொக் ஒன் அஸ்" நிரலைப் பாருங்கள். அங்கே "லோக்கல் சிஸ்டம்" என்று இருந்தால், உங்கள் செஷனில் நீங்கள் நெற்வேர்க் பகிர்வு ஒன்றுக்கு எழுத்துக் கொடுத்து மாப் செய்த இசட் டிரைவ் அந்தச் சேர்விஸுக்கு இல்லவே இல்லை. எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்கோட்டோடு தொடங்கும் முழு வலைப்பாதையைக் கொடுத்து, அந்தப் பகிர்வுக்குரிய பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மென்பொருளிலேயே பதியுங்கள்.

இதைவிட மோசமான மாயம் ஒன்று உண்டு. ரிமோட் டெஸ்க்டொப்பிலோ ஹைப்பர்-வீயின் என்ஹான்ஸ்ட் செஷனிலோ உள்ளே வரும்போது "என் கணினியின் டிரைவ்களையும் கொண்டுவா" என்று டிக் செய்திருந்தால், உங்கள் மடிக்கணினியில் செருகிய யூஎஸ்பி டிஸ்க் மெய்நிகர் சேர்வருக்குள் டிரைவாகத் தெரியும். கோப்புகள் பிரதி செய்யலாம். ஆனால் அது உங்கள் செஷனில் தொங்கும் ஒரு பகிர்வுதான். சேர்விஸுக்கு அது தெரியாது. நீங்கள் செஷனை மூடியதும் உங்களுக்கும் அது போய்விடும். எக்ஸ்புளோரரில் அந்த டிரைவின் பெயரோடு உங்கள் மடிக்கணினியின் பெயரும் சேர்ந்திருந்தால் இதுதான். டிஸ்க் மனேஜ்மென்ட்டில் அது இருக்காது. எப்போதும் டிஸ்க் மனேஜ்மென்ட்டை நம்புங்கள், எக்ஸ்புளோரரை அல்ல.

சரி, டிஸ்க் மனேஜ்மென்ட்டிலும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது என்றால், இப்போதுதான் மென்பொருளைத் தொடும் நேரம். முதலில் ரீஸ்கான். வீம் என்ற பக்கப் மென்பொருளில் பக்கப் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், பக்கப் ரெப்பொசிற்றரிஸ் (பக்கப்புகளைச் சேமிக்கும் இடங்கள்), வலது கிளிக், ரீஸ்கான். டிஸ்க் மாற்றும் பழக்கம் இருந்தால் அந்த ரெப்பொசிற்றரியின் அட்வான்ஸ்ட் அமைப்பில் சுழற்சி டிரைவ்கள் என்ற தெரிவை டிக் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது டிஸ்க்கைச் செருகிய நாளே முந்தைய பக்கப்புகளின் சங்கிலியைக் காணவில்லை என்று வேலை நிற்கும். பக்கப் எக்செக் போன்ற மென்பொருள்கள் சாதனங்களைத் தேடுவது சேர்விஸ் தொடங்கும்போது. ஓடிக்கொண்டிருக்கையில் செருகியதை அது அறியாது. சேர்விஸ்களை மட்டும் மீளத் தொடக்குங்கள், சேர்வரை அல்ல. லினக்ஸ் மெய்நிகர் சேர்வர் ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஓடி, மென்பொருள் டிஸ்க்கைத் தொடர் எண்ணால் அடையாளம் காண்பது என்றால், மெய்நிகர் சேர்வரின் மேலதிக அமைப்பில் டிஸ்க்.எனேபிள்யூயூஐடி என்ற பெறுமதி ட்ரூ ஆக இருக்க வேண்டும். அது இல்லாமல் மெய்நிகர் டிஸ்க்குகள் தொடர் எண் காட்டமாட்டா.

மென்பொருளுக்கு டிஸ்க் அல்ல, மெய்நிகர் சேர்வர்களே தெரியவில்லை என்ற கதையும் வரும். இலவச உரிமத்தில் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டில், பக்கப் மென்பொருள் பாவிக்கும் இடைமுகம் வாசிக்க மட்டும் திறந்திருக்கும். ஸ்னப்ஷொட் (மெய்நிகர் சேர்வரின் அந்த நேர நிலையின் பதிவு) எடுக்க விடாது. ஒவ்வொரு மெய்நிகர் சேர்வருக்குள்ளும் ஏஜென்ட் (உள்ளிருந்தே பக்கப் எடுக்கும் சிறு மென்பொருள்) நிறுவுவதே அங்கே வழி.

ரேப் டிரைவ்

வங்கி, வைத்தியசாலை போன்ற இடங்களில் எல்ரிஓ என்ற வகை ரேப் இன்னும் உண்டு. அதை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் வேறு.

எஸ்ஏஎஸ் (சேர்வர்களில் வரும் ஓர் இணைப்பு வகை) ரேப் டிரைவை ரெய்ட் கொன்ட்ரோலரில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் அட்டையில்) செருகினால் பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் நிலைக்காது. சாதனங்களை நேரடியாக இணைக்கும் சாதாரண எஸ்ஏஎஸ் எச்பிஏ அட்டை ஒன்று தனியாக வேண்டும். வெளிப்புற இணைப்பில் இரண்டு வகை வாய் உண்டு: 6 கிகாபிட் அட்டைகளில் எஸ்எஃப்எஃப்-8088, 12 கிகாபிட் அட்டைகளில் எஸ்எஃப்எஃப்-8644. இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. கேபிளைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறீர்கள் என்றால் இரண்டு முனையின் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். "எஸ்ஏஎஸ் கேபிள்" என்று மட்டும் சொல்லிப் பிழையானது வந்தால் இன்னும் சில நாள் பக்கப் இல்லாமல் போகும்.

அந்த எச்பிஏவை மெய்நிகர் சேர்வருக்கு முழுதாகக் கொடுக்க வேண்டும். பயோஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யூ திறந்திருக்க வேண்டும். ஈஎஸ்எக்ஸ்ஐயில் இப்படிக் கொடுத்தால் அந்த மெய்நிகர் சேர்வரின் மெமறி முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டும், அதற்கு ஸ்னப்ஷொட் எடுக்கவும் முடியாது. கொடுக்கும் முன் அதே அட்டையில் ஹோஸ்ட்டின் சொந்த டிஸ்க்குகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். தொங்கினால் மெய்நிகர் சேர்வர் தொடங்கும் அதே வினாடியில் ஹோஸ்ட் விழும்.

டிரைவ் தெரிகிறது, ரேப்பை மாற்றும் ரோபோ தெரியவில்லை என்றால்: சிறிய லைப்ரரிகளில் (பல ரேப் வைக்கும் பெட்டிகளில்) ரோபோவுக்குத் தனிக் கேபிள் கிடையாது. அது டிரைவின் இரண்டாவது லன்னாக (ஒரே இணைப்புக்குள் இருக்கும் உப எண்ணாக), அதாவது லன் 1 ஆக வருகிறது. கொன்ட்ரோலர் லன் 0 மட்டும் தேடினாலோ, ஹைப்பர்வைசரில் லன் 0 மட்டும் கொடுக்கப்பட்டிருந்தாலோ ரோபோ வராது. வின்டோஸில் அது "அன்னோன் மீடியம் சேஞ்சர்" என்று வந்தால் பயப்படாதீர்கள், வீம் அதைத் தன் சொந்த ஸ்கஸி கட்டளைகளால் இயக்கும். லினக்ஸில் எஸ்டி0 என்ற பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் ரேப் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். மென்பொருளில் என்எஸ்டி0 என்றே கொடுங்கள்.

ஒரே டிரைவை இரண்டு மென்பொருள் பிடிக்க முடியாது. பழைய பக்கப் மென்பொருளின் சேர்விஸ் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் புதியது டிரைவைக் காணாது. டிரைவ் சரி, ரேப்பைத்தான் ஏற்கவில்லை என்றால் தலைமுறையைப் பாருங்கள். எல்ரிஓ-7 டிரைவ் இரண்டு தலைமுறை பின்னால் வரை, எல்ரிஓ-5 வரை வாசிக்கும். எல்ரிஓ-8 ஒரு தலைமுறைதான், எல்ரிஓ-6 ரேப்பை அது வாசிக்காது. பழைய ரேப்கள் பெட்டியில் இருக்கும்வரை பழைய டிரைவை விற்காதீர்கள்.

யூஎஸ்பியை விட்டு வெளியே வருவது

மேலே சொன்ன பழுதுகளில் பாதி, வெளிச் சாதனத்தை மெய்நிகர் சேர்வருக்குள் திணிப்பதால் வருபவை. மாதம் ஒரு முறையாவது இது நடக்கிறது என்றால் பழைய டெஸ்க்டொப் ஒன்றை ஒதுக்கி, அதில் டிஸ்க்கைப் பூட்டி, நெற்வேர்க் வழி ஐஸ்கஸியாக (தொலைவிலுள்ள டிஸ்க்கைச் சொந்த டிஸ்க் போலக் காட்டும் முறை) கொடுங்கள். 3260 போர்ட் திறந்திருந்தால் போதும். மெய்நிகர் சேர்வர் எந்த ஹோஸ்ட்டில் ஓடினாலும் டிஸ்க் கூடவே வரும். இங்கேயும் மூன்று இடத்தில் வழுக்கும். இணைக்கும்போது ஃபேவரிட் டார்கெட்ஸ் பட்டியலில் சேர்க்கும் டிக் இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டுக்குப் பின் டிஸ்க் காணாமற்போகும். பக்கப் சேர்விஸ் ஐஸ்கஸிக்கு முன்னே எழும்பினாலும் காணாது, அதைத் தாமதத் தொடக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரே லன்னை இரண்டு வின்டோஸ் சேர்வருக்கு ஒரே நேரத்தில் கொடுத்தால் என்டிஎஃப்எஸ் (வின்டோஸின் கோப்பு அமைப்பு) நிச்சயம் சிதையும்.

ஆனால் நிரந்தரமாக இணைந்திருக்கும் டிஸ்க்கை ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) எட்டிப்பிடிக்கும். ஆகவே வாரம் ஒரு முறை கழற்றி வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோகும் டிஸ்க் ஒன்று இதோடு சேர்த்து இருந்தே ஆக வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கடன் பதிவேடு முழுவதும் இந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைக் கையாளுங்கள்.

சரிசெய்த பிறகு

டிஸ்க் தெரிந்துவிட்டது என்பதோடு எழும்பிப் போகாதீர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு நான்கு சோதனை செய்யுங்கள். ஹோஸ்ட்டையே ஒரு முறை முழுதாக மீளத் தொடக்கி, மெய்நிகர் சேர்வர் எழும்பிய பின் கை வைக்காமல் டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், டிஸ்க் சுழன்று வரும் முன்னே மெய்நிகர் சேர்வர் தொடங்கிவிடுகிறது. தானியங்கித் தொடக்கத்துக்கு 120 வினாடி தாமதம் கொடுங்கள். அடுத்து, டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றி இரண்டாவது டிஸ்க்கைச் செருகி ஒரு சிறிய வேலை ஓடவிடுங்கள். மூன்றாவது, மெயின் சுவிட்சை அணைத்து ஜெனரேற்றர் எடுக்கும்வரை விட்டு, பிறகும் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, போன மாதக் கணக்குக் கோப்பு ஒன்றை அந்த டிஸ்க்கிலிருந்து வேறொரு கோப்புறைக்கு மீட்டெடுத்து, கணக்காளரைக் கூப்பிட்டு அவர் கண்முன்னே திறந்து காட்டுங்கள். தொகை சரியாக வந்தால் தாளில் திகதியைப் போட்டு, போர்ட்டின் இடத்தையும் டிஸ்க்கின் தொடர் எண்ணையும் எழுதி, சேர்வர் ராக்கின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.